ஓதிட்டீங்களா, பாய்?

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அறுப்புக்கூடத்தில் இப்போது கால்நடை மருத்துவராக இருக்கிறாள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பெண், எதைச் சொன்னாலும் எந்த விதியில் இருக்கிறது என்று கேட்பாள்.

“மேடம், ஒரு டவுட்டு. இங்க பாய் ஆட்ட அறுத்து முடிச்சதும் கறிக்கடைக்காரங்க உடனே தூக்க மாட்டேங்கறாங்க. ‘ஓதிட்டீங்களா, பாய்?’னு கேக்கறாங்க. அவரு தலைய ஆட்டினாதான் தூக்கறாங்க. கேக்கறவங்க எல்லாரும் இந்துங்க. இது எந்த ரூல்ல வருது? தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ரூலில் தேடினால் கிடைக்காது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. இப்போது டிவியைத் திறந்தால் நான்கு பேர் உட்கார்ந்து ஹலால் கறியைப் பற்றிக் கத்துகிறார்கள். அந்த நான்கு பேரில் ஒருவராவது ஒரு தடவை ஆட்டின் காலைப் பிடித்திருப்பாரா என்பது என் சந்தேகம். ஆகவே மற்றவர்களும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் முதலியார்பேட்டை. அப்பா மில் தொழிலாளி. கால்நடை மருத்துவம் படித்து முடித்தபோது, மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பேன், கோழிக்கு ஊசி போடுவேன் என்று நினைத்திருந்தேன். அறுப்புக்கூடத்தில் போட்டார்கள். “உசுரக் காப்பாத்தற படிப்பு படிச்சிட்டு, சாவப் போறதுக்கு நல்லாருக்குன்னு சீட்டு குடுக்கப் போறியா?” என்று அம்மா அழுதாள். அம்மா சொன்னது தப்பில்லை. வேலை அதுதான்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் அந்துவான். உப்பளத்துக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், அந்தக் குடும்பம். வெள்ளைக் கோட்டின் கடைசிப் பித்தான் வரை போட்டிருப்பார். கூடத்துக்குள் நாற்காலி போட்டால் எடுக்கச் சொல்வார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் என்னை “மத்மசேல்” என்றுதான் கூப்பிட்டார், பிரெஞ்சில் கல்யாணமாகாத பெண்ணை அழைக்கும் சொல்.

ஆட்டைத் தொடுவதற்கு முன் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். பின்னால் நின்று பார்க்க வேண்டும், முன்னால் நின்றால் ஆடு நமக்காக நடக்கும் என்பார். பிறகு கண், மூக்கு, ஈறு. கீழிமையைப் பிதுக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் வயிற்றில் புழு. பெட்டை ஆடானால் அடிவயிற்றில் கை வைத்துச் சினை பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தனியே கட்டு, மறுநாள் பார். அறுத்த பிறகு கல்லீரலைக் கீறிப் பார்க்க வேண்டும், நுரையீரலை அழுத்திப் பார்க்க வேண்டும், தொடைக்கு மேலே இருக்கும் நெறிக்கட்டியைத் தடவ வேண்டும். கல்லீரலில் தட்டைப்புழு நெளிந்தால் “வுவாலா”, இதோ பார் என்பார், ஏதோ விருந்தாளி வந்துவிட்டதைப் போல. எல்லாம் சரியாக இருந்தால்தான் தொடையில் ஊதா முத்திரை.

இன்னொரு பாடமும் உண்டு. “பார்த்ததைச் சொல், மத்மசேல். நினைத்ததைச் சொல்லாதே.” காய்ச்சல் இருந்தது என்று நான் சொன்னால், தொட்டுப் பார்த்தாயா, காதில் கை வைத்துப் பார்த்தாயா, தெர்மாமீட்டர் வைத்தாயா என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார். அன்றைக்கு எரிச்சலாக இருக்கும். பின்னால் அதுதான் சோறு போட்டது.

அறுப்பவர் காதர் பாய். அவருடைய அத்தாவும் அதே வேலை செய்தவர். கூடத்துக்கு ஆடு கொண்டுவரும் கடைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். தோல் உரிப்பது, வெட்டுவது, தொங்கவிடுவது, விற்பது எல்லாம் அவர்களே செய்வார்கள். கழுத்தில் கத்தி வைப்பதை மட்டும் செய்ய மாட்டார்கள். அதற்குப் பாய் வர வேண்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் உள்ள வழக்கம்தான். பாய் ஓதி அறுத்தால்தான் முஸ்லிம்கள் கறி வாங்குவார்கள், பிரியாணிக் கடைக்காரர் எடுப்பார். வியாபாரக் கணக்கு, அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

காதர் பாய் ஆட்டின் கண் எதிரில் கத்தி தீட்ட மாட்டார். அறுப்பதற்கு முன் தண்ணீர் காட்டுவார். ஓர் ஆட்டை அறுக்கும்போது இன்னோர் ஆடு பார்க்கக் கூடாது என்று நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரை கட்டியிருந்தார். மேற்குப் பக்கமாகப் படுக்க வைத்து, “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்” என்பார், ஒரே இழுப்பு. குரல் கனமானது. கூடத்தின் மறுகோடியில் கல்லீரல் கீறிக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அடுத்த ஆட்டுக்கு நான் கை கழுவுவேன்.

ஆயுத பூஜையன்று அதே கூடத்தில் தராசுக்கும் கத்திகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அன்று பாய் தன் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு போவார். இதில் யாருக்கும் ஒரு மனத்தாங்கலும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மனு வந்தது. அரசுக் கட்டடத்தில் ஒரு மதத்தின் வழிபாடு தினமும் நடக்கிறது, அதை நிறுத்த வேண்டும் என்று. எழுதியது வெளி ஆட்கள். ஆனால் கீழே கையெழுத்துப் போட்டவர்களில் முதல் ஆள் எங்கள் தண்டபாணி. உப்பளத்தில் கறிக்கடை வைத்திருப்பவர், கடைக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி. ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். “மச்சான் வந்து நின்னான் டாக்டரம்மா. நம்ம ஆளுங்க எல்லாரும் போடறாங்கன்னான். போட்டேன்” என்றார். கல்யாணத்துக்கு மொய் எழுதியதைச் சொல்வது போலச் சொன்னார்.

மனுவில் இருந்த வாதம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அரசுக் கட்டடம் எல்லாருக்கும் பொது, உண்மைதான். கூடத்துக்குப் பொறுப்பான அரசு அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். நான், அந்துவான் ஐயா, காதர் பாய், தண்டபாணி. அதிகாரி குரலை உயர்த்தாத மனிதர். எல்லாருக்கும் டீ வரவழைத்தார்.

“வேலை நேரத்தில் இவர் மந்திரம் சொல்கிறாரா?” என்று என்னைக் கேட்டார்.

“மந்திரம் இல்லை, கடவுள் பெயர்” என்றார் அந்துவான் ஐயா. “கேள்வியைச் சரியாகக் கேளுங்கள், அவள் சரியாகச் சொல்வாள்.”

சொல்கிறார் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒரு மூச்சு என்றேன். அதனால் பரிசோதனைக்கு இடைஞ்சல் உண்டா என்றார். இல்லை என்றேன். பார்த்ததைச் சொன்னேன். பாய்க்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அதிகாரி பாய் பக்கம் திரும்பினார். “மனசுக்குள்ள சொல்லிக்குங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?”

“மனசுல நெனச்சா பத்தாதுங்க. நாக்கு சொல்லணும். மெதுவா சொல்லலாம், அது தப்பில்ல.”

“அப்ப மெதுவா சொல்லுங்க. இங்க ‘இனி சொல்வதில்லை’ன்னு ஒரு வாக்கு குடுத்துடுங்க. முடிஞ்சுது.”

“அது பொய்யாயிடுங்களே.”

அதிகாரி யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். இஸ்லாமியச் சட்டத்தில் வழிகள் பல. கடற்கரை முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபி வழியில், அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொல்வது நல்லது, விட்டாலும் கறி ஆகும். காதர் பாய் ஹனஃபி. அந்த வழியில் மறந்து விட்டால் மன்னிப்பு உண்டு, வேண்டுமென்றே விட்டால் கறி ஆகாது. “உங்க ஆளுங்களே பரவால்லங்கறாங்களே பாய், உங்களுக்கு மட்டும் என்ன?” என்றார் அதிகாரி.

“அவங்க வழி அவங்களுக்கு. ரெண்டும் மார்க்கந்தான், நான் கொற சொல்லல. ஆனா எங்க தெரு மொத்தமும் என் வார்த்தைய நம்பித்தான் கறி திங்குது. சொல்லலன்னு இங்க ஒத்துக்கிட்டா, அங்க போயி சொன்னேன்னு எப்படிங்க சொல்லுவேன்? ஒண்ணு இங்க பொய், இல்லாட்டி அங்க பொய்.”

அறிஞர்கள் காலங்காலமாகப் பேசிவரும் ஒரு வித்தியாசம் அது. பங்காளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை எடுத்து வழக்கில் சாட்சியாக வைத்ததைப் போல இருந்தது எனக்கு. தண்டபாணி டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து வரும்போது அந்துவான் ஐயா அதிகாரியிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். “பூசணிக்காய்?”

சனிக்கிழமை உத்தரவு வந்தது. கூடத்துக்குள் எந்த மதத்தின் சொல்லும் சடங்கும் கூடாது. அதற்கு ஒப்பாதவர் வேலைக்கு வர வேண்டியதில்லை. கடைக்காரர்கள் தங்களுக்குள் ஆள் வைத்து, கால்நடை மருத்துவர் முன்னிலையில் அறுத்துக்கொள்ளலாம். காதர் பாய் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, தார்ப்பாய்த் திரையை அவிழ்க்கப் போனார். அது கெடக்கட்டும் பாய் என்றேன். விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு. விடியும்போது ஆடுகள் நிறைய. எல்லாவற்றையும் நடக்கவிட்டுப் பார்த்தேன், இமை பார்த்தேன், சரியென்று விட்டேன். கடைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கத்தி ஒரு தட்டில் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

தங்கள் கையால் தினம் தினம் கறி வெட்டுகிறவர்கள். நீ எடு, நீ எடு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான ஒரு கடைக்காரர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். “பாய் ஓதி அறுத்தா, பாவம் அந்தப் பேரோட மேல போயிடும். நமக்கு ஒட்டாது. நான் அறுத்தா அது எங்க போவும்? என் பேரன் பேத்தி மேல வந்து உக்காரும்.” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் நின்றவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பாய் ஓதியது முஸ்லிம்களுக்காக மட்டும் இல்லை. இவர்கள் எல்லாரும் அதன் நிழலில்தான் தொழில் செய்துகொண்டிருந்தார்கள்.

தலைவராயிற்றே, தண்டபாணி முன்னால் வந்தார். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டியிருக்கிறார். ஓர் ஆட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ஆட்டின் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டு, கைகட்டி நின்றார்.

கோயிலில் அப்படித்தான். தண்ணீர் தெளித்ததும் ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்ட மாட்டார்கள். சடங்கு கூடாது என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர், உத்தரவு கையெழுத்தான மறுநாள் காலையில், அரசுக் கட்டடத்தில், ஆட்டின் உத்தரவுக்காகக் காத்திருந்தார். அவருக்கு அது சடங்காகவே தோன்றவில்லை. கை தானாகச் செய்தது.

ஆடு சிலுப்பவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார். எல்லாரும் ஆட்டையே பார்த்தார்கள். ஆடு தண்டபாணியைப் பார்த்தது. சொட்டச் சொட்ட நனைந்து அப்படியே நின்றது. வெளியே மோட்டார் சைக்கிள்கள், கடையிலிருந்து போன் மேல் போன். கடைசியில் அவர் ஆட்டைப் படுக்க வைத்து, கத்தியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

கத்தி ஆழம் போகவில்லை. மூச்சுக்குழலுக்கு முன்னாலேயே கை நின்றுவிட்டது. பிடித்திருந்தவர்கள் பதறி விட்டுவிட, ஆடு எழுந்து ரத்தம் சிந்தச் சிந்தத் திரையைத் தாண்டி மற்ற ஆடுகளுக்குள் ஓடியது. அத்தனை ஆடும் கத்தின. தண்டபாணி கத்தியைத் தட்டில் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். உத்தியோக காலத்தில் நான் பார்த்த மோசமான காட்சி அதுதான். என் முன்னிலையில் என்று உத்தரவில் எழுதியிருந்தது. என் முன்னிலையில்தான் நடந்தது.

காதர் பாய் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் வேறு எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லையாம். நானே போய்க் கூப்பிட்டேன்.

“உத்தரவு இருக்கா டாக்டரம்மா?”

“இல்ல பாய். ஆடு துடிக்குது. வாங்க.”

வந்தார். ஆட்டை மெதுவாகப் பிடித்து, கண்ணைக் கையால் மறைத்து, மேற்கே திருப்பினார். தன் கத்தியைக் கழுத்தில் வைத்துவிட்டு நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். “சொல்லாம என்னால முடியாதுங்க” என்றார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஓதுங்க பாய். சத்தமா ஓதுங்க.”

தண்டபாணி. அழுதுகொண்டிருந்தார்.

பாய் ஓதினார். ஒரே இழுப்பு. அந்த ஆட்டுக்கு நான் முத்திரை போடவில்லை. பயந்து ஓடி, காயத்தோடு மற்றவற்றோடு உருண்ட ஆடு, ஒதுக்கினேன். மீதியையும் அறுத்துக் கொடுங்கள் என்று கடைக்காரர்கள் கெஞ்சினார்கள். “நான் இந்த ஒண்ணுக்குத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் பாய் கத்தியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். எங்கள் கூடத்தை நம்பியிருந்த கடைகள் அன்று திறக்கவில்லை. அரியாங்குப்பத்துப் பிரியாணிக் கடைக்காரர் யார் யாருக்கோ போன் போட்டார். பெரிய வீடுகளிலிருந்தும் போன்கள் போயிருக்க வேண்டும். நியாயத்தைவிட ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு அவசரம் அதிகம். திங்கட்கிழமை காலையிலேயே மறு விசாரணை.

நடந்ததை அதே வரிசையில் சொன்னேன். தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

“உத்தரவு இருக்கும்போது உள்ள வந்து ஓதியிருக்கார். யார் ஓதச் சொன்னது?”

நானும் பாயும் பேசுவதற்கு முன் தண்டபாணி எழுந்தார். “நான்தாங்க.”

“மனுவில முதல் கையெழுத்து உங்களோடதுதானே?”

“ஆமாங்க. அதுவும் நான்தான்.”

அந்துவான் ஐயா மேசையைப் பார்த்தபடி, மிக மெதுவாக, “வுவாலா” என்றார்.

உத்தரவு ரத்தாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ரத்து செய்தால் மனு கொடுத்தவர்கள் வருவார்கள், அமல் செய்தால் கறி இல்லை. அதிகாரி ஒரு நடுவழி கண்டுபிடித்தார். “பழையபடி நடக்கட்டும். சத்தம் மட்டும் வேண்டாம்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். காகிதத்தில் உத்தரவு அப்படியே இருந்தது. ரத்து செய்யக் கேட்டு அந்துவான் ஐயா ஓய்வு பெறும்வரை எழுதினார், பிறகு நான் எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்றே பதில் வரும். வந்த அதிகாரிகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. ஒரு மனிதனைத் தினமும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே, அவன் செய்வது குற்றம் என்ற காகிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் தீரவில்லை.

காதர் பாய் திரும்பி வந்தார். திரையை இழுத்துக் கட்டினார், தண்ணீர் காட்டினார், எல்லாம் பழையபடி. குரல் மட்டும் இல்லை. உதடு அசைகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். கூடத்தின் மறுகோடியில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கை கழுவ வேண்டிய நேரத்தைத் தவறவிட்டு, நான் பல நாள் தடுமாறினேன்.

என்னைவிடத் தண்டபாணிதான் அதிகம் தடுமாறினார். ஆடு அடங்கிவிடும், பாய் எழுந்துவிடுவார், இவர் தூக்க மாட்டார். அவருக்கு உறுதி வேண்டும். குனிந்து கேட்பார்: “ஓதிட்டீங்களா, பாய்?” பாய் தலையை ஆட்டுவார். அதன் பிறகுதான் தூக்குவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும், ஒவ்வொரு நாளும். சத்தம் கூடாது என்று கையெழுத்துப் போட்டவர், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அலைந்தார். இதைத் தண்டனை என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் பாய்க்கும் நடுவில் சண்டையே கிடையாது. தண்டபாணி மகள் கல்யாணத்துக்குப் பாய் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

ஒருநாள் பாயிடம் கேட்டேன். “இப்ப யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. பழையபடி வாய் விட்டே சொல்லுங்களேன்.”

கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “வாய்வார்த்தையா வுட்டிருக்காங்க டாக்டரம்மா. வாய்வார்த்தையா குடுத்தத வாய்வார்த்தையாவே திரும்ப எடுத்துக்குவாங்க. காகிதம் அப்படியேதான இருக்கு.”

வேலையிலிருந்து நிற்கும்வரை அவர் யாருக்கும் “ஓதிட்டேன்” என்று வாய் திறந்து சொன்னதில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினார்.

இதைத்தான் நிவேதாவுக்கு எழுதினேன். நீ தேடுவது விதியில் இல்லை, விதியில் இருப்பது ஓதக் கூடாது என்பதுதான், அதை யாராவது ரத்து செய்துவிட்டார்களா என்று பார்த்துச் சொல் என்று. அவள் தேடிப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். ரத்து செய்யவில்லை என்றாள். இப்போது அறுக்கும் பாய் யார் என்று கேட்டேன். சின்ன வயது, புதுசு, காதர் பாயையோ தண்டபாணியையோ பார்த்ததுகூட இல்லை, பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது என்றாள்.

“கடைக்காரங்க கேட்டா என்ன சொல்றாரு?”

“சொல்றதில்ல மேடம். தலையத்தான் ஆட்டறாரு. ஏன் பாய், வாயத் தொறந்து சொன்னா என்னான்னு நானே கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“அதுக்கும் தலையத்தான் ஆட்டினாரு.”